ஃபுசாயேவின் வாய், குவாஷிமாவின் குரல்

"போறேன்னுதானேய்யா வாயசைச்சேன்! எதுக்கு மன்னிப்புக் கேக்க வச்சீங்க?" அசாகுசா படக்கொட்டகையின் பின்னறையில் நடிகை ஃபுசாயே கத்தினாள். ஊமைப்படத்தில் அவள் புருஷனை விட்டுப் போகிறவள். திரையோரம் நின்று எல்லோருக்கும் குரல் கொடுக்கும் குவாஷிமாவோ அவளைக் கெஞ்ச வைத்துவிட்டார்.

"வாய் உன்னுதும்மா, குரல் என்னுது. நீ பாட்டுக்குப் போயிட்டா யாரு அழுவா?"



முன்வரிசையில் அழுது மூக்கைச் சிந்திய, செண்டாய் ஊரிலிருந்து வந்திருந்த சாக்கே மதுக்கடைக்கார அம்மாள், "நடிகையானா என்ன, எவ்வளவு அடக்கம்! இவதான் என் மருமக" என்று முடிவுகட்டினாள். பெண் கேட்டு வந்ததும் ஃபுசாயேவின் அப்பா தலையாட்டினார். அவளை யாரும் கேட்கவில்லை.

வசந்தத்தில் கல்யாணமாகிச் செண்டாய் போனாள். அந்தப் படம் அங்கேயும் வந்ததாம். மாமியாரோடு போனவள், தான் புருஷனை விட்டுப் போகும் கட்டம் வருமுன்பே, பாதியில் தூங்கிவிட்டாளாம்.