அரபி கற்கும் புத்தகம் கேட்டவள்

விரல் இடமிருந்து வலமாக நகர்கிறது, வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டிய எழுத்தின்மேல், மூன்றாவது நாளாக, அதே மேசையில், ஷைலா புத்தகங்களை அடுக்கியபடியே அதைப் பார்க்கிறாள், இல்லை, பார்த்தாள், எட்டு வருஷமாகிவிட்டது, இப்போது அவள் முன்னால் நூலகவியல் மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், மேடம், உங்க பயிற்சில வந்த வாசகர் யாராவது ஞாபகம் இருக்காங்களா என்று ஒருத்தி கேட்டதும் வகுப்பறைச் சுவர் விலகி நாகர்கோவில் நூலகத்தின் அந்த மேசை வந்து நின்றுவிட்டது, அங்கே விரலை நகர்த்தியவள் பெயர் சகாயபுஷ்பம், குளச்சல் பக்கம் கடற்கரை ஊர், அரபி படிக்கிற புத்தகம் இருக்கா என்று கேட்டாள், ஷைலா ஓடிப்போய் ஐந்து எடுத்துவந்தாள், பயிற்சிக்கு வந்து இரண்டே வாரம், ஐந்தும் கிடைத்ததில் பெருமை வேறு, கேட்டத எடுத்துக் குடு, வாசகர் சொந்த விஷயத்துல மூக்க நுழைக்காத என்று நூலகர் தங்கசுவாமி சொல்லியிருந்தார், அவர் கையெழுத்துப் போட்டால்தான் பயிற்சி முடியும், ஆனால் இந்தப் பெண் படிக்கவில்லையே, கைப்பேசியைப் பார்ப்பாள், பிறகு பக்கத்தில் தேடுவாள், ரவிக்கைத் துணிக்கு நிறம் பொருத்திப் பார்ப்பதுபோல, என்னதான் தேடுகிறாள், நான்காம் நாள் ஷைலா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தே விட்டாள், அக்கா, நீங்க அரபி படிக்கவா வந்தீங்க.

இல்ல மக்கா, எனக்க மாப்பிள்ள வளைகுடாவுல மீன்பிடி போட்டுல நிக்காரு, போன் வந்து இருவது நாளாச்சு, தெரியாத நம்பர்லேந்து இந்தப் படம் மட்டும் வந்துது, கூப்பிட்டா என்னமோ பாஷையில பேசுறாவ, யாருட்டயும் காட்டல, சாவுச் சீட்டா இருந்தா ஊருக்கு முன்ன நான் படிக்கணும்.

மங்கலான படம், எழுத்து நிறைந்த ஒரு சீட்டு, ஏதோ முத்திரை, ஷைலா பெரிதாக்கிப் பார்க்கிறாள், ஓர் எழுத்தின் கீழே மூன்று புள்ளிகள், அரபிப் புத்தகத்தின் எழுத்து வரிசையில் மேலே மூன்று புள்ளி உண்டு, கீழே இல்லை, ஐந்திலும் இல்லை, அப்படியானால் இது என்ன, அடுக்கு வேலை கெடக்கு என்று தங்கசுவாமி பின்னால் வந்து நின்றார், ஒரு நிமிஷம் சார் என்றாள், கலைக்களஞ்சியத்தைப் புரட்டினாள், பழம் என்பதில் வருகிற ப ஒலி அரபியில் கிடையாது, பாரசீகத்தார் மூன்று புள்ளி வைத்து அதை உண்டாக்கிக்கொண்டார்கள், அக்கா, இது அரபியே இல்ல, பாரசீகம், போட்டு வளைகுடாவுக்கு அக்கரையில ஈரானுக்குப் போயிருக்கு, சொல்லும்போதே அவளுக்கு உடம்பு சிலிர்த்தது, சிலிர்த்ததற்காக வெட்கமாகவும் இருந்தது, சகாயபுஷ்பத்தின் உதடு வறண்டு கிடந்தது.

சென்னையில் பயிற்சியில் இருந்த வகுப்புத் தோழிக்குப் படம் போனது, அவள் ஒரு பாரசீக ஆசிரியரைத் தேடிப் பிடித்தாள், கையெழுத்துக் கேட்டு எங்கிட்ட வராத என்று தங்கசுவாமி சொல்லிவிட்டுப் போனார், பயிற்சி முடிந்தபோது ஒரு வாரம் இழுத்தடித்துத்தான் போட்டார், அன்று ஷைலாவுக்கு அது காதிலேயே விழவில்லை, மூன்றரை மணிக்குப் பதில் வந்தது, ஆஸ்பத்திரிச் சீட்டு, இடது மணிக்கட்டு எலும்பு முறிவு, மாவுக்கட்டு, ஆறு வாரம் கழித்து வரவும்.

இன்னொரு தடவ வாசி என்றாள் சகாயபுஷ்பம், வாசித்தாள், எடது கையா, அவரு எடது கைக்காரருல்லா என்றாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், பிறகு கைப்பேசியை மேசையில் வைத்து ஷைலா பக்கம் தள்ளினாள், படம் அனுப்பின ஆளுக்கு நம்ம பாஷ தெரியாதுல்லா மக்கா, அவருக்கு வலிக்குதான்னு அவங்க எழுத்துல எப்பிடிக் கேக்கணும்.

தெரியலக்கா, பாரசீகப் புத்தகம் இருக்கான்னு பாப்போம் என்று ஷைலா எழுந்தாள், சகாயபுஷ்பமும் கூடவே எழுந்து அலமாரிகளுக்கு நடுவே நடந்தாள்.