நின்றுகொண்டு வைத்த புள்ளி

நாற்பத்தோரு பேர் இருக்கும் குடும்ப குரூப்பில் அந்தப் படம் ஐந்தாவது முறையாக வந்து விழுந்தபோது, குண்டூசி யாருடைய கால்சட்டையையோ மடியில் போட்டுக் கீழ் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சித்தி மகனுக்கு மறுநாள் பித்தப்பை ஆபரேஷன். பையன் பயந்து நடுங்குகிறானாம். உடனே அம்மா போனைத் துழாவி மகளின் வயிற்றை எடுத்துப் போட்டுவிட்டாள். கீழே ஒரு வரி: "இவளே தாங்கிட்டா, நீ தாங்க மாட்டியாடா?"

குண்டூசி என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். ஆள் ஒல்லி; போதாததற்குத் துணி திருத்தும் கடையில் வேலை. நாள் முழுக்க உதட்டில் நாலு ஊசியைக் கவ்வியிருப்பதால்தான் இவள் யாரிடமும் சண்டைக்குப் போவதில்லை என்று முதலாளியம்மா கேலி செய்வார். அன்று அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தி வைத்தாள்.

படம் அவளுக்கு மனப்பாடம். குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நாலாம் நாள் எடுத்தது. சட்டை மார்புவரை சுருட்டியிருக்கும். தொப்புளுக்கு மேலே தொடங்கி, அதை இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கும் இருபத்திரண்டு தையல். எடுத்த நேரத்தில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கேட்டு எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் யாரும் கேட்டதில்லை. விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள் "காட்டுடி" என்று அம்மா அழைத்துவிடுவாள். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்திருக்கிறார். ஓர் அத்தை, சோபா வாங்கப் போனவள் மாதிரி, விரலால் அழுத்தியே பார்த்தாள்.

தொப்புளில் ஒரு சின்ன வளையம் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு இருபது மாதமாக ஆசை. அந்த இடத்தில் அவளாக வைத்தது என்று ஒன்றாவது இருக்கட்டும். கடைசியாகப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டும் வைத்திருந்தாள். ஒரு வருஷமாவது பொறுங்கள், தழும்பு வெளுத்து மெத்தென்று ஆகட்டும், எப்போது போட்டாலும் தழும்பின் மேல் மட்டும் ஓட்டை வேண்டாம் என்றார் அவர். அந்த ஒரு வருஷத்துக்கு மேலும் எட்டு மாதம் அவள் பொறுத்தாள். ஆசையா, வீம்பா என்று மாதாமாதம் தன்னையே கேட்டாள். அன்று மாலை விடை கிடைத்தது. இரண்டும்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

வேலை முடிந்ததும் நேராக, பச்சை குத்தி வளையமும் போட்டுவிடும் கடைக்குப் போனாள். கடைக்காரன் அவள் வயதுதான் இருப்பான். கையுறை மாட்டி, அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, தொப்புளின் மேல் மடிப்பில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தான். நிற்க வைத்துக் குறிக்க வேண்டாமா என்று கேட்டாள். எல்லாருக்கும் இப்படித்தான் என்றான்.

தொழில் தெரிந்தவன் சொல்கிறான், நமக்கென்ன தெரியும் என்று அப்படியே படுத்திருந்தாள். ஆனால் அவள் கைக்குத் தெரியும். ஆளை நிற்க வைக்காமல் பாவாடைக்கு நீளம் குறித்தால் அது கோணலாகத்தான் தொங்கும். எழுந்து கண்ணாடி முன் நின்றாள். புள்ளி இடப்பக்கம் சரிந்து, நேராகத் தழும்பின் மேல் உட்கார்ந்திருந்தது. தன் கண்ணை நம்பாமல் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து இரண்டு தரம் வைத்துப் பார்த்தாள். அரை சென்டிமீட்டர்.

சொன்னாள். அவன் சிரித்தான். "மேடம், இந்த வயித்துக்கு நேரா இருந்தா என்ன, கோணலா இருந்தா என்ன?" சொல்லிக்கொண்டே போனைத் தூக்கினான். "வித்தியாசமா இருக்கு. ஒரு போட்டோ எடுத்துக்கறேன், நம்ம கடையோட இன்ஸ்டா பக்கத்துல போடலாம்."

அவள் வாயில் அன்று ஊசி இல்லை.

"போனை உள்ள வை," என்றாள். "கோணலா தைச்சதை நான் கொடுத்தா எங்க கஸ்டமர் மூஞ்சியில எறிவாங்க. உனக்கு மட்டும் என்ன, இது கிழிஞ்ச துணியா? புள்ளியை அழி. நிக்க வச்சுக் குறி. மேல் பக்கம் பூரா தழும்பு, கீழ அது இடப்பக்கமா ஒதுங்கிடுது, கீழ் மடிப்பு நடுவுல ஒண்ணும் இல்ல, அங்க போடு. முடியாதுன்னா இப்பவே சொல்லு, வேற கடைக்குப் போறேன்."

கடையில் காத்திருந்த இரண்டு பேர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் போனை இழுப்பறைக்குள் போட்டான். ஸ்பிரிட் தொட்டுப் புள்ளியை அழித்தான். நிற்கச் சொன்னான், உட்காரச் சொன்னான், குனியச் சொன்னான், மறுபடி நிற்கச் சொன்னான். கீழ் மடிப்பை லேசாகப் பிடித்துப் பார்த்து, தடிமன் போதும் என்று ஒப்புக்கொண்டான். புள்ளியை மூன்று தரம் வைத்து மூன்று தரம் அழித்தான். ஒவ்வொன்றையும் அவள் அளந்தாள். நாலாவது சரி. நீங்க என்ன வேலை பாக்கறீங்க என்று முணுமுணுப்பாகக் கேட்டான். சொன்னாள். அதானே என்றான்.

ஊசிக்கு மட்டும் படுத்தாள். வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் கேட்டு வாங்கிய வலி.

வீட்டில் அவள் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்த விதத்திலேயே அம்மா பிடித்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும், புண் ஆறின இடத்தில் ஓட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாயே, புத்தி இருக்கா என்று தொடங்கி, பத்து நிமிஷம் மூச்சு விடாமல் பொரிந்தாள். கடைசியில் வழக்கம்போல, "காட்டுடி," என்றாள்.

"மாட்டேன்."

"பெத்தவளுக்கே காட்ட மாட்டியா?"

"நான் தூங்கறப்ப எடுத்து நாப்பத்தோரு பேருக்குக் காட்டினியேம்மா. இன்னிக்கோட அஞ்சு தரம். போதும்."

அம்மாவின் கை நெஞ்சுக்குப் போனது. "அன்னிக்குக் காலையிலதான்டி நீ பொழச்சுட்டேன்னு டாக்டர் சொன்னார். ஊருக்கெல்லாம் சொல்லணும் போல இருந்துச்சு. அதான் எடுத்தேன்."

இது அவளுக்குத் தெரியாது. கேட்டதும் கோபம் இறங்கிவிடும் என்று காத்திருந்தாள். இறங்கவில்லை.

"பொழச்சதைக் காட்டணும்னா என் மூஞ்சியை எடுத்திருக்கணும்."

அம்மா போனைக் கை எட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்து, எதையோ தேடி, அழுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து, இன்றைக்குப் போட்டது போய்விட்டது, பழைய நாலும் எல்லார் போனிலும் அப்படியே இருக்கிறது, தன்னால் எடுக்க முடியவில்லை என்றாள்.

"தெரியும்," என்றாள் குண்டூசி. அந்த நாலும் இனி என்றைக்கும் அங்கேதான் இருக்கும். அதற்கான கோபமும்.

அம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"பாக்கலாமா?" என்றாள்.

இந்த இருபது மாதத்தில் அப்படி ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. குண்டூசி சட்டையின் கீழ்க்கரையை இழுத்து நேராக விட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கு வேணாம்மா."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்குக் கேளு."