கை கோத்தால் எரியும்

செங்கம் சாலையில் நெல் குடோனாக இருந்த கட்டடத்தில், மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு இருசப்பன் எட்டு வருடத்துக்கு முன் தொடங்கிய அறிவியல் கூடம் அது. ‘தொட்டுப் பார்’ என்றே அதற்குப் பெயர். கண்ணாடிப் பெட்டி கிடையாது. எதையும் திருகலாம், உருட்டலாம், உடைத்தாலும் திட்டு விழாது. வாரம் இரண்டு நாள் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்குவார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது மதிவதனியின் வேலை.

கடைசியாகச் செய்து காட்டுவது கைச்சங்கிலி. பிள்ளைகள் வரிசையாகக் கை கோத்து நிற்க, இரு கோடியில் இருப்பவர்கள் ஆளுக்கொரு செப்புத் தகட்டைத் தொட்டால் எதிரே விளக்கு எரியும். நடுவில் ஒரு கை விட்டாலும் அணைந்துவிடும். மதிவதனி வந்த மூன்று வருடத்தில் ஒரு நாளும் எரியாமல் போனதில்லை.

அன்றைக்கு எரியவில்லை.

வயரை ஆட்டிப் பார்க்கக் குனிந்தபோதுதான் அவள் கண்டாள். நந்தினி என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண், பக்கத்தில் நின்ற இனியாவின் கையைக் கர்ச்சீப் சுற்றிப் பிடித்திருந்தாள். கூட வந்த ஆசிரியரும் பார்த்தார். அருகே வந்து, இனியா காலனிப் பெண், ஊரில் தெரிந்தால் வீண் வம்பு, கண்டுகொள்ள வேண்டாம் என்று காதோடு சொன்னார். அறிவியல் பாடம் எடுக்கிற மனிதர், பாவம்.

மதிவதனி குனிந்தபடியே வயரைத் திருகிக்கொண்டிருந்தாள். அவளும் காலனிதான், கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். இங்கே வாடகைக்கு அறை பிடித்தபோது வீட்டுக்காரம்மா சுற்றி வளைத்துக் கேட்டதற்குச் சுற்றி வளைத்தே பதில் சொன்னவள். அன்றிலிருந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தே காலம் ஓடியது. இப்போதும் அப்படித்தான், மிஷின் ரிப்பேர் என்று அறிவித்தாள்.

"ரிப்பேர்லாம் இல்லக்கா," என்றாள் இனியா. "உங்களுக்கே தெரியும்."

குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் மதிவதனிக்குப் பொறுக்கவில்லை. மறுபடி எல்லாரையும் நிற்கச் சொன்னாள். நந்தினிக்கும் இனியாவுக்கும் நடுவில் தானே போய் நின்று இரு பக்கமும் கை நீட்டினாள். நந்தினி கர்ச்சீப்பைப் பைக்குள் செருகிவிட்டு, அக்காவின் கை கிடைத்த சந்தோஷத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

விளக்கு பளிச்சென்று எரிந்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். ஆசிரியர் அப்பாடா என்று கைதட்டினார். இனியா விளக்கைப் பார்க்கவில்லை. மதிவதனியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பொய்யில் எரிகிற விளக்கு இது என்று நினைக்க மதிவதனிக்கு வெட்கமாக இருந்தது. சொன்னால் நாளைக்கே வீட்டுக்காரம்மா காதுக்குப் போகும், அறையும் போகும். பயமாகத்தான் இருந்தது.

"நந்தினி," என்றாள். "நானும் காலனிதாம்மா."

கூச்சல் அடங்கியது. நந்தினியின் விரல்கள் முதலில் தளர்ந்தன, அப்புறம் நழுவின. விளக்கு அணைந்தது. வேனுக்கு நேரமாகிவிட்டது என்று ஆசிரியர் விரட்ட, பிள்ளைகள் கலைந்தார்கள். இனியா மட்டும் பிடித்த கையை விடவில்லை.