எண்ணெய் படாத ஒரு கிலோ

1

கதை எழுதப் பழகும் கண்ணுகளா, இந்தக் கதை சூளகிரி பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கையெல்லாம் விளக்கெண்ணெய் வாசம். "அவரைக்கொட்டைக்குத் தடவுனேன்க்கா, வண்டு வுழாம இருக்க" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். மீதி நான் கட்டியது.

2

நஞ்சம்மாவின் வீட்டைச் சுற்றிப் பசுமையான அவரைக்கொடிகள்...

(வேண்டாம். சுற்றிலும் கம்பெனிக்கு விற்ற நிலம். கொடி எங்கிருந்து வரும்?)

நஞ்சம்மா தனியாக இருக்கிறாள். மகள் ரேவதிக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. வருஷாவருஷம் சந்தையில் வாங்கி மகளுக்குப் பத்துக் கிலோ அவரைக்கொட்டை அனுப்புவாள். கிலோவுக்கு ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய்* விட்டு, ஒவ்வொரு கொட்டையும் மினுங்கும்வரை பிசறுவாள். மினுங்கும் கொட்டையில் வண்டின் முட்டை ஒட்டாது.

போன வருஷம் கைவலி. தடவாமலே அனுப்பிவிட்டாள். இரண்டாம் மாதம் போன்.

"எம்மா, கொட்டையெல்லாம் ஓட்டை. டப்பாவைத் தொறந்தா மூஞ்சியில பறக்குது. நீ வந்து பாரு."

"நான் வந்தா வண்டு பயந்து ஓடிருமாடி?"

"உன் வாயைக் கேட்டா ஓடிரும். வா."

போனாள். மொட்டைமாடியில் காயவைத்துப் புடைத்தாள். நாலு நாள் இருந்தாள். ஷிப்ட் முடிந்து வந்த மகள் அவள் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினாள்.

எண்ணெய் தடவிய வருஷங்களில் போனே வராது என்று சொல்லமாட்டேன். வரும். "நல்லாருக்கியாம்மா? சரி, வச்சிரட்டா?"

* சாப்பாட்டுக்கு வைத்தால் விளக்கெண்ணெய், விதைக்கு வைத்தால் வேப்பெண்ணெய். மாறினால் குழம்பு கசந்துவிடும்.

3

இந்த வருஷம் ஒன்பது கிலோ பிசறியாயிற்று. கடைசி ஒரு கிலோ முறத்தில் கிடக்கிறது. எண்ணெய் ஸ்பூனோடு கை நிற்கிறது. தனிப்பையில் கட்டினால், வண்டு விழுந்தாலும் ஒரு கிலோதானே போகும்?

(இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம். மகள் தின்கிற பண்டத்தில் வண்டு விழட்டும் என்று விட ஒரு தாய்க்கு மனசு வருமா? இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். வரும்.)

4

முடிவு ஒன்று: தடவிவிடுகிறாள். வருஷம் முழுக்க ஒரு கொட்டைகூடக் கெடவில்லை. ரேவதி நிம்மதியாக

(முடிக்க முடியவில்லை.)

முடிவு இரண்டு: தடவவில்லை. வண்டு வருகிறது. ரேவதி அந்த ஒரு கிலோவைக் குப்பையில் கொட்டிவிட்டு வேலைக்குப் போகிறாள். போன் இல்லை.

முடிவு மூன்று: நஞ்சம்மாவே கூப்பிட்டு, "நாலு நாள் வந்து இருக்கட்டாடி?" என்று கேட்கிறாள். எத்தனை முறை எழுதினாலும் இந்த வாக்கியம் அவள் வாயில் நிற்கமாட்டேன் என்கிறது.

5

கண்ணுகளா, நான் நஞ்சம்மாவையே நெருக்கிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் ரேவதியிடமிருந்து தொடங்குங்கள். ஷிப்ட் முடிந்துவிட்டது. கையில் போன் இருக்கிறது. டப்பாவில் வண்டு இல்லை.

அங்கிருந்து எழுதுங்கள்.