பாடையில் ஒரு பொம்மை வண்டி

"இதையும் மேல வைங்க. அவரோடவே எரிஞ்சி போவட்டும்."

அனுசுயா அந்த ரிமோட் வண்டியைக் கொண்டுவந்து பாடையில், குணசேகரனின் கால்மாட்டில் தொப்பென்று வைத்தாள். செத்தவருக்குப் பிடித்ததைக் கூடவே அனுப்புவது அந்தத் தெருவில் வழக்கம்தான். வெற்றிலைப் பெட்டி போயிருக்கிறது, சீட்டுக்கட்டு போயிருக்கிறது. குண்டுச் சக்கரம் வைத்த பொம்மை வண்டி போவது இதுதான் முதல். "பாவம், புருஷன் ஆசப்பட்டதாச்சே" என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஆசையாவது மண்ணாங்கட்டியாவது. அந்தச் சனியன் வீட்டைவிட்டு ஒழிந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

திருவாலங்காட்டில் கரும்பு வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு வறண்ட ஏரிக்குப் போய்விடுவார். கல்லிலும் மண்ணிலும் விட்டு விரட்டுவார். தனியாகப் போயிருந்தாலாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். கூட மனோரமா. திருத்தணி பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். அவளிடமும் இதே மாதிரி ஒரு வண்டி. நேற்று அவர் ஏரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்ததும் அவள்தான். கடைசி மடக்குத் தண்ணீர் அவள் கையால் இறங்கியிருக்கிறது. இத்தனை வருஷம் பொங்கிப் போட்டவளுக்கு அது கிடைக்கவில்லை. நினைக்க நினைக்க அனுசுயாவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அந்த மனோரமா காலையிலிருந்து பந்தல் கால் ஓரமாகவே நின்றிருந்தாள், கிட்டே வரவில்லை. மேளம் அடிக்கத் தொடங்கியதும், பாடையைத் தூக்கக் குனிந்தவர்களை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அக்கா, அத அப்படியே எடுத்துனு போவ வேணாம்."

"ஏன், உனக்கு வோணுமா?"

"அய்யோ, இல்லக்கா. உள்ள பேட்டரி இருக்குது. நெருப்புல போட்டா வெடிச்சிடும். கொள்ளி வைக்கறவர் மூஞ்சிலயே அடிக்கும்."

கொள்ளி வைக்க வேண்டிய தம்பி வீராசாமி சட்டென்று பின்னால் நகர்ந்தான். "இன்னா அண்ணி இது?"

மேளம் நின்றது. தெருவே அனுசுயாவைப் பார்த்தது. தன் புருஷன் பொருளுக்குள் என்ன இருக்கிறதென்று எவளோ வந்து சொல்ல வேண்டியிருக்கிறதே! மனோரமா வண்டியை எடுக்கக் கை நீட்டினாள்.

"தொடாத. என் புருஷன் வண்டி. நானே கழட்டறேன்."

பந்தல் தரையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். எங்கே கை வைப்பதென்று தெரியவில்லை.

"மேல கிளிப்பு இருக்குது பாருக்கா. இழுத்தா வந்துடும்" என்றாள் மனோரமா, நின்ற இடத்திலிருந்தே.

கிளிப்புகளைப் பிடுங்கி எறிந்தாள். மேல்மூடி கையோடு வந்தது. உள்ளே என்னென்னவோ இருக்கும், தனக்குச் சுட்டுப்போட்டாலும் புரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஒரு மோட்டார், பக்கத்தில் கொஞ்சம் பல்சக்கரம், பேட்டரி, நாலைந்து ஒயர்.

"இவ்ளோதானா?"

"ஆங், இவ்ளோதான். என்னோடது நாலு சக்கரமும் இழுக்கும். உள்ள ராடு, பல்லுன்னு ஏகப்பட்டது, ஓட்டறப்பல்லாம் ஒண்ணு புட்டுக்கும். இவரு பின்சக்கரம் இழுத்தா போதும்னுவாரு. அது ரெண்டும் சேந்தே சுத்தறமாரி ஒண்ணா பூட்டிட்டாரு. கரைமேலருந்து உருண்டாலும் இது எழுந்து ஓடும். உள்ள கம்மியா இருந்தாதான் உடையாதுன்னுவாரு."

போதும்னுவாராம், உடையாதுன்னுவாராம். எவ்வளவு பேச்சு பேசியிருக்கிறார் இவளிடம்! அனுசுயா பேட்டரியை ஒயரோடு வெடுக்கென்று பிடுங்கினாள்.

"என்னப் பத்தி இன்னா சொல்லுவாரு?"

மனோரமா பாடையைப் பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்ல மாட்டாரு. வெளிச்சம் இருக்கறப்பவே வண்டிய எடுத்து வச்சிடுவாரு. இன்னொரு பேட்டரி இருக்குது, இன்னும் கொஞ்சம் ஓட்டலாம்னா கேக்கவே மாட்டாரு. ஊட்ல அவ காத்துகினு இருப்பான்னுட்டுக் கெளம்பிடுவாரு." அனுசுயா பக்கம் திரும்பினாள். "உன் மேல அவ்ளோ வயித்தெரிச்சல்க்கா எனக்கு."

அனுசுயா ஒரு நாளும் காத்திருந்ததில்லை. அவர் உள்ளே நுழைகிற நேரத்துக்கு டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள். தட்டை அவர் முன்னால் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"நேரமாவுது அண்ணி" என்றான் வீராசாமி. "அதான் பேட்டரிய எடுத்தாச்சே. வண்டிய வைங்க."

"வைக்கல."

"நீங்கதான எரியட்டும்னீங்க?"

"வைக்கலன்னா வைக்கல. நீ தூக்கு."

பாடை எழுந்தது. மேளம் தெருமுனை திரும்பித் தேய்ந்தது. வாசலைக் கழுவிவிடப் பெண்கள் குடத்தோடு வந்து, எழுந்திரு என்றார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. மனோரமா தரையில் சிதறிக் கிடந்த கிளிப்புகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து நீட்டினாள். அனுசுயா வாங்கிக்கொண்டாள். பிறகு மடியில் கிடந்த வண்டியின் பின்சக்கரம் ஒன்றை விரலால் மெல்லத் தள்ளினாள். அதோடு சேர்ந்து மற்றதும் சுற்றியது.