எலும்பு யாருக்கு

ஃப்ளோரன்ஸில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஞாயிறு மதியம் கரியடுப்பை மூட்டினேன். என் தங்கை நீவெஸைக் கட்டிக்கொள்ளப்போகும் ருஜ்ஜேரோ, எலும்போடு வெட்டிய, மூன்று விரல் தடிமனான மாட்டிறைச்சியைப் பார்த்து மிரண்டான்.

“மச்சான், எனக்கு மட்டும் நல்லா வேகவிடுங்களேன்.”

“நல்லா வெந்ததுதான் வேணும்னா கோழி வாங்கித் தரேன் மாப்பிள்ளை. இத நான் கெடுக்கமாட்டேன்.”

இரு பக்கமும் சுட்டு, கடைசியில் எலும்பின்மேல் நிமிர்த்தி வைத்து இறக்கினேன். அறுத்தபோது உள்ளே சிவப்பாகவே இருந்தது. உப்புத் தூவிக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டான். அடுத்த துண்டுக்குத் தானே கையை நீட்டினான்.

ஒயின் எடுக்க உள்ளே போய்த் திரும்பினால், எலும்பு அவன் கையில் இருந்தது. இந்த வீட்டில் எலும்பு எப்போதும் எனக்குத்தான்.

“ஐயோ, அது அண்ணனோடது!” என்றாள் நீவெஸ். அவன் கடிப்பதை நிறுத்தவில்லை.

“அடுத்த ஞாயித்துக்கெழம உங்களுக்குக் கோழிதான் மாப்பிள்ளை” என்றேன்.