அடக்கமான பையன்

பச்சமுத்து குனிந்து அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தான். மனோரமா அதைக் கிழிக்கவில்லை, எறியவும் இல்லை. "இது ஆவாதுங்க" என்று சொல்லிக் கீழே வைத்தாள், அவ்வளவுதான். அதுவே அவனுக்குச் செருப்படி பட்ட மாதிரி இருந்தது.

"மில்லு வாசல்ல பொழுதன்னிக்கும் நின்னு வாங்கியாந்தேம்மா. பொன்னுசாமி மொதலாளி கையெழுத்து. அதுக்கு மேல இன்னா ஓணும்?"

மனோரமா செஞ்சிக் கடைத்தெரு மளிகைக்காரர் மகள். பட்டணத்தில் பெண்கள் காலேஜில் கணக்கு நடத்துகிறாள். லீவுக்கு வந்தால் சேரிப் பிள்ளைகளுக்கு மேல்படிப்புக்கு வழி சொல்லுவாள். அதனால் அவள் வீட்டிலேயே அவளுக்குத் தனித் தம்ளர் வைத்துவிட்டார்கள்.

பச்சமுத்துவின் மகன் பாவாடை, எம்.எஸ்சி. கணக்கில் முதல் வகுப்பு. டாக்டர் பட்டத்துக்குப் படிக்க, வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதிப்போட வேண்டும். உன்னை நன்றாக அறிந்த ஒருவரிடம் கடிதம் வாங்கி அனுப்பு என்று கேட்டிருந்தார்கள். சேரியில் பிறந்தவனை நன்றாக அறிந்தவர் யார்? பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பொன்னுசாமி சொல்ல வேண்டும். ஆஸ்டலுக்குப் பொன்னுசாமி எழுத வேண்டும். ரேஷன் கார்டுக்கும் அவர்தான். அதனால்தான் பச்சமுத்து அங்கே போய் நின்றான். பெரிய மனுஷன் கையெழுத்து இல்லாமல் இவர்களுக்கு எது நடந்திருக்கிறது?

பொன்னுசாமி எழுதியிருந்தது இதுதான்: 'இவன் தகப்பன் எங்கள் களத்து ஆள். பையன் அடக்கமானவன். கை சுத்தம்.' கணக்கைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

"அவங்க களத்துக்கு ஆள் தேடலீங்க. உங்க புள்ள எப்படிக் கணக்குப் போடுறான்னு தெரிஞ்சவங்க எழுதணும்" என்றாள் மனோரமா. அவள் 'நீங்க' போட்டுப் பேசும்போதெல்லாம் பச்சமுத்து யாராவது கேட்கிறார்களா என்று வெளியே எட்டிப் பார்ப்பான்.

பாவாடை பட்டணம் போனான். அவனுக்குப் பாடம் நடத்திய பேராசிரியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தான்.

மனோரமா படித்தாள். 'அடக்கமானவன். தவறாமல் வகுப்புக்கு வருவான். உடை சுத்தமாக இருக்கும்.'

தட்டுத்தடுமாறித் தேறிய அவளுடைய அக்கா மகனுக்கு இதே பேராசிரியர் 'அபூர்வ மூளை' என்று எழுதிக் கொடுத்தது அவளுக்குத் தெரியும். மில்லுக்காரருக்குக் கணக்குத் தெரியாது, விட்டுவிடலாம். இவருக்குத் தெரியுமே. முன்னே அவள் வழிகாட்டிய பிள்ளைகளும் இப்படி அடக்கமானவர்களாகவே எழுதிப்போட்டு, இடம் கிடைக்காமல் ஊருக்குத் திரும்பினார்கள்.

"அவரு போர்டுல போட்டதுல தப்பு கண்டுபுடிச்சேன்னியே, அது எங்கடா இதுல?"

"அத எப்டி டீச்சர் எழுதுவாரு? தனியாத்தான் காட்டினேன். மறுநாளு அவரே கண்டுபுடிச்ச மாதிரி திருத்திட்டாரு."

கணக்கு விவரம் நமக்கு வேண்டாம். அவர் ஒரு படியில் காலை வைத்தார். அங்கே படியே இல்லை. பாவாடை ஒரு உதாரணம் போட்டு அதைக் காட்டினான். ஆராய்ச்சி நிலையத்துக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

"போயி அத எழுதச் சொல்லிக் கேளு."

"எங்க தெருவுல யாரும் அப்டி கேட்டதில்ல டீச்சர்."

"அதான் யாரும் மேல போவல" என்றாள் அவள். சொன்ன பிறகு தன் மேலேயே கோபம் வந்தது. கேட்டால் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

மறுபடி போனான். பேராசிரியர் வீட்டு வாசல் கேட்டைத் திறக்கவில்லை, உள்ளே நின்றபடியே கேட்டார். பாவாடை தரையைப் பார்க்காமல் சொல்லி முடித்தான். அவர் முகம் சிவந்துவிட்டது. பாவம் பார்த்து எழுதிக் கொடுத்தால் எனக்கே புத்தி சொல்லுகிறாயா, நீ கேட்டபடியே எழுதுகிறேன், எவன் உன்னைச் சேர்க்கிறான் பார்க்கிறேன் என்றார். உள்ளே போய் எழுதினார். கேட்டுக்கு மேலாக விட்டெறிந்தார். பாவாடை ரோட்டில் பொறுக்கிக்கொண்டான்.

அதை மனோரமா பச்சமுத்து வீட்டில் உட்கார்ந்து, அவனுக்கும் புரியட்டும் என்று தமிழில் சொன்னாள்:

'இவன் பெரியவர்களை எதிர்ப்பவன். நான் வகுப்பில் போட்ட நிரூபணம் தப்பென்று என் முகத்துக்கு நேரே சொன்னான். அதற்கு ஒரு உதாரணத்தையும் போட்டு நீட்டினான். நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் ஒத்துக்கொள்ள மாட்டான்.'

பச்சமுத்து பொன்னுசாமியின் கடிதத்தை எடுத்து நீட்டினான். "போயி கால்ல வுழுந்துட்டு வாடா. மில்லுக்காரரு குடுத்தத அனுப்பலாம்."

மனோரமாவுக்கும் பயம்தான். தான்தான் பையனைக் கெடுத்தேன் என்று நினைத்தாள். வேறு யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம், கடைசித் தேதிக்கு ரெண்டு நாள் இருக்கிறது என்றாள்.

பாவாடை கடிதத்தை வாங்கித் தானே இன்னொரு தரம் படித்தான். படித்த மனுஷர் ஒருவர் அவன் கணக்கைப் பற்றி உண்மை எழுதியது அதுதான் முதல் தடவை. அதையும் திட்டுவதற்காக எழுதியிருந்தார்.

"இதுல பொய் ஒண்ணுமில்ல நைனா" என்றான். "இதயே அனுப்புறேன்."

மடித்து உறைக்குள் வைத்தான். பச்சமுத்து கையிலிருந்த மில்லுக்காரர் கடிதத்தைக் கீழே வைத்தான். பிறகு எழுந்து உள்ளே போய், உறையை ஒட்டப் பானையிலிருந்து நாலு சோத்துப் பருக்கை எடுத்துவந்து அவன் கையில் வைத்தான்.